அறுபதுக்குக் கீழே எண்கள் இல்லை

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அரைமார்க் என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம் என்போம்; தலை மறைந்ததும் அரைமார்க். அவருக்கும் இது தெரியும். ஒருமுறை நான் வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டேன். ஃபைலிலிருந்து தலையை எடுக்காமல் "ம்?" என்று கேட்டார். அதோடு சரி.

எல்லை தாண்டி வேலைக்கு ஆள் அனுப்பும் தனியார் ஏஜென்சிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மார்க் போடுவது எங்கள் பிரிவின் வேலை. நாற்பது கேள்வி, நூறு மார்க். மற்ற ஆய்வாளர்கள் போன வேகத்தில் எண்பது, எண்பத்தைந்து என்று முழு எண்ணாகப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு மேசைக்குத் திரும்பிவிடுவோம். ஆமாம், நானும்தான். இவர் மட்டும் மாலை ஐந்து மணிக்கு வியர்த்து வழிய வந்து, அறுபத்தேழரை, எழுபத்தொன்றரை என்று எழுதுவார். 'வருகையாளர்களை உபசரிக்கும் பண்பு' என்று ஒரு கேள்வி உண்டு, இரண்டு மார்க். ஏஜென்சிக்காரர்கள் டீ நீட்டுவார்கள். குடித்தால் சலுகை வாங்கியதாகிவிடும்; குடிக்காவிட்டால் எதை வைத்து மார்க் போடுவது? மூன்று நாள் மண்டையைக் குடைந்து ஒரு முடிவுக்கு வந்தார். பாதி டம்ளர் மட்டும் குடிப்பார். ஆறிப்போன டீ என்றால் அரை மார்க் குறைப்பார். பெயர் அங்கிருந்துதான் வந்தது.

இருபத்திரண்டு வயதில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, துறைத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி, நாற்பத்து நான்கில் ஆய்வாளர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பொண்ணு பார்க்க வந்த எந்த மாப்பிள்ளைக்கும் எங்க அக்கா பாஸ் மார்க் போடல" என்று அவர் தம்பி சொல்வான். தம்பி வெல்டர். அவனும் அவன் மனைவியும் மாடியில், இவர் கீழே. சாப்பாடு ஒரே அடுப்பில்.

அந்த நாற்பது கேள்விகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நிபுணர் குழு மூன்று நாள் ஓட்டலில் அறை எடுத்துத் தங்கித் தயாரித்தது. சாய்மானம் உள்ள நாற்காலிகள் எத்தனை, குடிநீர் உண்டா, தீயணைப்புக் கருவி சிவப்பாக இருக்கிறதா, பூந்தொட்டிகளில் இருப்பது உயிருள்ள செடியா, நிறுவனத்தின் தொலைநோக்கு வாசகம் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் கேட்டது. புகார்ப் பதிவேட்டில் புகார் எதுவும் இல்லையென்றால் முழுசாகப் பத்து மார்க். போன ஆள் என்ன ஆனான் என்று மட்டும் நாற்பதில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆறு வருடமாக அந்தப் படிவத்தை நிரப்பியவர்களில் யாருக்கும் அது உறைக்கவும் இல்லை. அரைமார்க் மேடத்துக்கும்தான்.

தம்பி வேலை செய்த பட்டறையை மூடினார்கள். இரண்டு மாதம் அங்கே இங்கே அலைந்தவன், ஒரு நாள் காலை அக்காவின் முன்னால் வந்து பளபளவென்று ஒரு அட்டையை நீட்டினான்.

"அக்கா, வெளிநாட்டுக்கு வெல்டர் வேலை. பாஸ்போர்ட், போட்டோ எல்லாம் குடுத்தாச்சு. ரெண்டு மூணு மாசத்துல இன்டர்வியூ."

"எந்த ஏஜென்சிடா? விசாரிச்சியா?"

"விசாரிக்கிறதா? நல்லா இருக்கே! மூணு ஸ்டார் வாங்கின இடம். ஸ்டார் குடுத்ததே நீங்கதானே?"

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சேர்மன் கம்பெனி. அதன் முதலாளி தன்னை அப்படித்தான் அழைத்துக்கொள்வார். ஒன்பது பேர் வேலை பார்க்கும் இடத்தில் அவர் சேர்மன். போன வருடம் எழுபத்தெட்டரை வாங்கியிருந்தார்கள். எதற்காக எழுபத்தெட்டரை என்று மேடம் யோசித்துப் பார்த்தார். நாற்காலி ஞாபகம் வந்தது. செடிகள் ஞாபகம் வந்தன. டீ நல்ல சூடு. அதற்கு மேல் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

"அது நாற்காலிக்குக் குடுத்த ஸ்டாருடா" என்றார்.

தம்பி அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனான். அன்று அலுவலகத்தில் என்னிடம் இதைச் சொன்னபோது மேடத்தின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "நான் போட்ட மார்க்க நம்பி ஒருத்தன் கிளம்பிப் போவான்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். யாருக்குத்தான் தோன்றியது? மார்க் என்பது மேலிடத்துக்கு அனுப்புவது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அந்த வருட ஆய்வுக்கு சேர்மன் கம்பெனியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

சேர்மன் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஆளுக்கு முன்னால் அவருடைய சென்ட் வந்தது. நாற்காலிகள் புதிதாகியிருந்தன. புகார்ப் பதிவேடு கண்ணாடி அலமாரிக்குள், கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜிகினா அட்டையோடு இருந்தது. உள்ளே ஒரு எழுத்து இல்லை.

"ஆறு வருஷமா ஒரு புகாரும் இல்லையா?"

"எங்க பசங்க எல்லாரும் குடும்பம் மாதிரிங்க மேடம். குடும்பத்துல யாராவது புகார் எழுதுவாங்களா?"

"எழுதணும்னா அலமாரிச் சாவி வேணுமே?"

"கேட்டாக் குடுப்போம். யாரும் கேட்டதே இல்ல" என்றார் சேர்மன், அதையும் ஒரு சாதனையாக.

அடுத்து நன்றிக் கடிதங்கள் வந்தன. முப்பது கடிதம். எழுதியவர்களில் டிரைவர், சமையல்காரர், நர்ஸ், எலக்ட்ரீஷியன் எல்லோரும் இருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே நீல மையில், 'மிக்க மகிள்ச்சி' என்று ஒரே இடத்தில் தப்பு செய்திருந்தார்கள். மேடம் கடிதங்களை அடுக்கித் திருப்பி வைத்தார். வெளிநாட்டில் இருப்பவர்களின் தொலைபேசி எண்களைக் கேட்டார். வரவேற்பில் இருந்த பெண் அச்சடித்த பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். இருபது எண்கள். மேடம் அங்கேயே நின்று முதல் எண்ணை அழுத்தினார்.

வரவேற்புப் பெண்ணின் மேசை டிராயருக்குள் போன் அடித்தது.

அவள் பலமாக இருமினாள். மேடம் அழைப்பை நிறுத்திவிட்டு இரண்டாவது எண்ணை அழுத்தினார். டிராயருக்குள் வேறொரு மெட்டு ஒலித்தது. மூன்றாவதுக்கு டிராயர் அதிர்ந்தது. அது வைப்ரேஷனில் இருந்திருக்கிறது.

"அவங்க எல்லாம் லீவுல ஊருக்கு வந்திருக்காங்க மேடம்" என்றாள் அந்தப் பெண்.

"வந்து டிராயர்லயா தங்கியிருக்காங்க?"

சேர்மன் உடனே டீ கொண்டுவரச் சொன்னார். மேடம் அன்று பாதி டம்ளர்கூடக் குடிக்கவில்லை. போனவர்களின் ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டு முகவரிகளைத் தன் நோட்டில் எழுத ஆரம்பித்தார். 'ஆவணங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளனவா' என்ற கேள்விக்கு ஐந்து மார்க் உண்டு. அதனால் ஃபைலைத் தொடக் கூடாது என்று சேர்மனால் சொல்ல முடியவில்லை. அவை மிக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அதற்கு ஐந்துக்கு ஐந்து போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தன் செலவில் பஸ் ஏறி, முதல் முகவரிக்குப் போனார். ஒற்றை அறை வீடு. போனவர் கிரேன் ஆபரேட்டர். அவர் மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். வீட்டிலும் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா தேடி வந்ததும் கணவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, மடித்த துணியை மார்போடு அணைத்தபடி சுவரோரம் சாய்ந்துவிட்டாள். அவளைத் தேற்றி உட்காரவைப்பதற்கே கால் மணி நேரம் ஆனது. அப்புறம், அங்கே கணவருக்குச் சாப்பாட்டு இடைவேளை வரும் நேரமாகப் பார்த்து வீடியோவில் கூப்பிட்டாள்.

கம்பளித் தொப்பியும் தடித்த கோட்டுமாக ஒருவர் தெரிந்தார். வாயிலிருந்து புகை வந்தது. மேடத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல ஆரம்பித்தார்.

"வணக்கங்க. நான் நல்லா இருக்கேன். நல்ல கம்பெனி. சாப்பாடு, ரூம் எல்லாம் திருப்தி. எங்களை அனுப்பி வச்ச ஏஜென்சிக்கு என் மனமார்ந்த நன்றி."

மனைவி போனைத் தன் பக்கம் இழுத்தாள். "என்னங்க, இவங்க ஏஜென்சி இல்ல. கவர்மென்ட்டு மேடம். நம்ம வீடு தேடி வந்திருக்காங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்போ முதல்ல இருந்து சொல்லட்டுங்களா?"

சொன்னார். பதினான்கு மாடி உயரக் கிரேன் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். போய் இறங்கியதும் காய்கறிக் குளிர்கிடங்கில் தள்ளுவண்டி தள்ளவிட்டார்கள். கேட்டதற்கு, தள்ளுவண்டியும் சரக்கைத் தூக்கும் சாதனம்தானே என்றார்களாம். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. ஏஜென்சிக்குப் பதினாறு தடவை போன் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டுப் பாட்டு வைத்திருக்கிறது.

"அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடங்க" என்றார். பிறகு, "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் மேடம். கிரேன் குடுத்தா போதும். கை மறந்து போயிடுமோன்னு பயமா இருக்கு. படுத்திருக்கும்போது சும்மா கையை அசைச்சுப் பார்த்துக்கறேன்" என்று, இரண்டு கைகளையும் தூக்கி லீவரைப் பிடிப்பது போல முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினார். மணி அடித்தது. எழுந்து போய்விட்டார்.

மேடம் ஆறு வாரங்களில் இருபத்துமூன்று வீடுகளுக்குப் போனார். பதினாறு பேர் சொன்ன வேலையில்தான் இருந்தார்கள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஏழு பேர் இல்லை. கிரேன்காரர் ஒருவர். நர்ஸாகப் போன பெண் முதலாளி வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எலக்ட்ரீஷியன்கள் இரண்டு பேர் பழம் பறித்தார்கள். தையல்காரர் கார் கழுவினார், சமையல்காரர் வாசலில் காவல் நின்றார், லாரி டிரைவர் லாரியிலிருந்து மூட்டை இறக்கினார். லாரி டிரைவருக்கு மட்டும் சொன்ன லாரியே கிடைத்திருந்தது, பின்பக்கம்.

முடிவில் சேர்மன் கம்பெனிக்கு முப்பத்தெட்டரை என்று எழுதிக்கொண்டு துணை இயக்குநர் அறைக்குப் போனார். எங்கள் துணை இயக்குநர் கெட்டவர் இல்லை. யார் மனதையும் நோகடிக்கக் கூடாது என்பதற்காக எந்த ஃபைலையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். அன்று நானும் அங்கே வேறு வேலையாக நின்றிருந்தேன்.

"முப்பத்தெட்டரையா? சிஸ்டம் எடுக்காதே மேடம். அறுபதுக்குக் கீழ போட்டா 'தவறான மதிப்பு'ன்னு சொல்லும்."

"தவறான மதிப்புதான் சார். அதத்தான் நானும் சொல்றேன்."

"நீங்க விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். அறுபதுக்குக் கீழ வாங்கினா லைசென்ஸ் குடுத்திருக்கக் கூடாது. லைசென்ஸ் குடுத்தது யாரு? நாம. நாம தப்பு பண்ண மாட்டோம் இல்லையா? அப்போ அறுபதுக்குக் கீழ ஒரு ஏஜென்சி இருக்கவே முடியாது."

"ஏழு பேர் இருக்காங்க சார்."

"ஆள் இருக்கலாம் மேடம். எண் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "ஏஜென்சிகளோட சராசரிய வச்சுத்தான் மேல நமக்கு மார்க் போடறாங்க. போன வருஷம் நாம ரெண்டாவது இடம். உங்களுக்கும் நல்ல பேரு, எனக்கும் நல்ல பேரு. அந்த ஏழு பேருக்கு நான் கடவுளை வேண்டிக்கறேன்."

மேடம் வெளியே வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார். முப்பத்தெட்டரை போட்டுப் பார்த்தார். தவறான மதிப்பு. ஐம்பத்தொன்பதரை. தவறான மதிப்பு. அறுபது என்று போட்டதும் திரை பச்சையாகி, மூன்று நட்சத்திரம் வந்து, வாழ்த்துகள் என்றது. அறுபதிலிருந்து எண்பது வரை எல்லாருக்குமே மூன்று நட்சத்திரம்தானாம். அதுவும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பக்கத்தின் அடியில் 'கூடுதல் குறிப்புகள்' என்று ஒரு கட்டம். நாங்கள் எல்லோரும் அதில் 'இல்லை' என்று எழுதுவோம். மேடம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த ஏழு பேரைப் பற்றி அதில் எழுத ஆரம்பித்தார். நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் எழுதிக்கொண்டிருந்தார். கட்டம் வளர்ந்துகொண்டே போனது. அறுபதுக்குக் கீழே எண்ணைத் தடுக்கத் தெரிந்த சிஸ்டத்துக்கு, எழுத்தைத் தடுக்க யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கூடுதல் குறிப்புகள் எல்லாம் சான்றிதழில் அச்சாகும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. 'இல்லை' என்று மட்டுமே அச்சாகி வந்ததை அலங்காரம் என்று நினைத்திருந்தோம் போலிருக்கிறது. அந்த வாரம் துணை இயக்குநர் எண்பது சான்றிதழில் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். அரசு முத்திரை, தங்கக் கரை, மூன்று நட்சத்திரம், அதன் கீழே பொடி எழுத்தில் இருபத்தேழு வரிகள். சேர்மன் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஃபிரேம் போட்டு, புதிய நாற்காலிகளுக்கு நேர் எதிரே மாட்டினார்.

இதற்கிடையில் தம்பியிடம் மேடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவன் கேட்கவில்லை. "உங்களுக்கு யாரையும் பிடிக்காது அக்கா. எங்க கல்யாண மண்டபத்துக்கே அறுபத்தஞ்சரை போட்டவங்கதானே நீங்க" என்று கோபித்துக்கொண்டு இன்டர்வியூவுக்குக் கிளம்பிப் போனான்.

பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் ஒரு மணி வரை கூப்பிடவில்லை. நாற்காலி சுகமாகத்தான் இருந்தது. பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். போனில் சார்ஜ் தீர்ந்தது. செடியைப் பார்த்தாயிற்று, தீயணைப்புக் கருவியைப் பார்த்தாயிற்று, தொலைநோக்கு வாசகத்தை இரண்டு முறை படித்தாயிற்று. கடைசியில் தம்பி எழுந்து போய்ச் சான்றிதழைப் படித்தான். முதல் நாலு வரியிலேயே அக்காவின் குரல் கேட்டுவிட்டது அவனுக்கு. மீதியை வாய்விட்டே படித்தான். மற்ற பத்துப் பேரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

வரவேற்புப் பெண் இதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். "வேணும்னா போட்டோ எடுத்துக்கலாம் சார்" என்றாள்.

எடுத்துக்கொண்டார்கள். சார்ஜ் இருந்த நான்கு பேர் எடுத்தார்கள். மாலைக்குள் அது எத்தனையோ போன்களுக்குப் போய்விட்டது. இன்டர்வியூவுக்குத் தம்பியைக் கூப்பிட்டபோது நாற்காலிகள் மட்டும் இருந்தன.

சேர்மனுக்கு விஷயம் தெரிய நான்கு நாள் ஆனது. கழற்றி எறியலாம் என்று பார்த்தால், சான்றிதழைக் கண்ணில் படும்படி வைக்காவிட்டால் ஐந்து மார்க் போய்விடும். அறுபதில் ஐந்து போனால் சிஸ்டத்திலேயே அவர் இருக்க மாட்டார். முன்னால் ஒரு பெரிய பூந்தொட்டியை நகர்த்தி வைத்தார். வந்தவர்கள் இலையை விலக்கிவிட்டுப் படித்தார்கள். பொறுக்க முடியாமல், அரைமார்க் மேடத்தின் மேல் எங்கள் துறைக்குப் புகார் எழுதினார். அந்த நிறுவனம் சம்பந்தமாக ஆறு வருடத்தில் பதிவான முதல் புகார் அது.

விசாரணை நடந்தது. விசாரிக்க வந்த அதிகாரி, எழுதியது பொய்யா என்று கேட்டார். இல்லை என்றார் மேடம்; நோட்டைக் கொடுத்தார். அதிகாரி அரை மணி நேரம் புரட்டினார்.

"எல்லாம் உண்மையாத்தான் இருக்கு. ஆனா உண்மைய இப்படிப் பளிச்சுன்னு சான்றிதழ்ல போடலாமா மேடம்?"

"உண்மைக்குன்னு வேற கட்டம் எதுவும் படிவத்துல இல்ல சார்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பதில் முறையாக இல்லை என்று மெமோ வந்தது. 'கூடுதல் குறிப்புகள்' கட்டம் இருபது எழுத்தாகச் சுருக்கப்பட்டது. மேடத்தைப் பதிவறைக்கு மாற்றினார்கள். அங்கே கணினி கிடையாது. மேசையைக் காலி செய்தபோது நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அவர் கலங்கியதாகத் தெரியவில்லை. "நானும் ஆறு வருஷம் அந்தப் படிவத்தை நிரப்பியிருக்கேன். மெமோ அதுக்குன்னு வச்சுக்கறேன்" என்றார். நான் பெட்டியைப் பதிவறை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அந்த வாரம் என் பங்குக்கு இரண்டு ஏஜென்சி இருந்தது. இரண்டுக்கும் எண்பத்திரண்டு போட்டேன். கை கூசியது, ஆனாலும் போட்டேன்.

சேர்மன் கம்பெனியில் இரண்டு மாதம் யாரும் நாற்காலியில் வந்து உட்காரவில்லை. பயந்துபோன சேர்மன் அங்கும் இங்கும் பேசி, கிரேன்காரரைக் கிரேனில் ஏற்றினார். நர்ஸ் ஒரு மருத்துவமனைக்கு மாறினாள். எலக்ட்ரீஷியன்கள் இருவரும் ஊர் திரும்பினார்கள். மற்ற மூவரின் விஷயம் 'நடவடிக்கையில் உள்ளது' என்று பதில் வந்தது. இன்றுவரை அந்தப் பதில்தான். மாதம் தவறாமல் முதல் தேதி, பதிவறையிலிருந்து மேடத்தின் நினைவூட்டல் கடிதம், கையெழுத்தில், மூன்று பிரதியாக எங்கள் மேசைக்கு வருகிறது. துணை இயக்குநர் அதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார். அதனால் அது மேலே போய்விடுகிறது.

தம்பி வேறு ஏஜென்சிகள் ஏறி இறங்கினான். உங்கள் மூலம் போன மூன்று பேரோடு பேச வேண்டும் என்று கேட்டான். இரண்டு இடத்தில் வெளியே போகச் சொன்னார்கள். மூன்றாவது, மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. நாற்காலிகள் ஆடின, செடி கிடையாது. எங்கள் பட்டியலில் கடைசி இடம். அந்த ஆள் தன் போனையே எடுத்து நீட்டி, "யார் கூட வேணா பேசுங்க, ஆனா ரெண்டு பேர் என்னைத் திட்டுவாங்க" என்றாராம். தம்பி அங்கேயே கையெழுத்துப் போட்டான்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் வீடியோவில் வந்தான். அக்காவும் அவன் மனைவியும் ஒரே போனுக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வேலைடா குடுத்தாங்க?"

"வெல்டிங்தான் அக்கா. வேற என்ன? இங்க பாருங்க, நேத்து கையைச் சுட்டுக்கிட்டேன்" என்று முழங்கைக்குக் கீழே வெல்டிங் பொறி பட்டுச் சிவந்திருந்த காயத்தைக் காட்டினான்.

மேடம் சிரித்த சிரிப்பில் போன் கைநழுவிக் கீழே விழுந்ததாம். தம்பி மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவருக்குக் கை வெந்து கிடக்கு, நீங்க சிரிக்கிறீங்களே அண்ணி!" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுக் கூடையோடு பதிவறைக்கே வந்து, மேடத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.